அந்தப் படுக்கையில் யார் படுத்திருந்தார்? வேலூருக்குப் புதிதாக வரும் அரசு உதவி வழக்கறிஞருக்கு

தமிழ்நாட்டில் மருத்துவ மோசடி வழக்குகளுக்கென்று தனியாக அரசு வக்கீல் யாரையும் நியமிப்பதில்லை. சட்டம் படித்து, குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து வருடமாவது தொழில் செய்து, தேர்வாணையத் தேர்வு எழுதி, இரண்டாம் நிலை அரசு உதவி வழக்கறிஞராக ஏதோ ஒரு நடுவர் நீதிமன்றத்துக்கு வந்து சேர்வீர்கள். எல்லோரும் ஏ.பி.பி. என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் மேசைமேல் மணல் வண்டி, பைக் திருட்டு, வரப்புத் தகராறு என்று கட்டுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு நாள் கயிறு தெறிக்கிற அளவுக்குத் தடித்த கட்டு ஒன்று வரும். பிரித்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், பில், யாரோ கிறுக்கிய கேஸ் ஷீட். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வேலூருக்கு வருகிறவர்கள் கையில் அந்தக் கட்டு சீக்கிரமே விழும். 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி.யைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் நர்சிங் ஹோம்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நோயாளிகள் காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்கள். நிலத்தை விற்ற காசு இடுப்பில் முடிந்திருக்கும். இத்தனை பேர் நம்பி வரும் ஊரில், அந்த நம்பிக்கையை வைத்துக் காசு பார்க்கிறவர்களும் சிலர் இருக்கத்தான் செய்வார்கள்.

முதலில் வகை பிரியுங்கள்

கட்டைப் பிரித்ததும் குற்றப்பத்திரிகையைப் படிக்காதீர்கள். புகாரைப் படியுங்கள். யார், யாரிடம், என்ன பொய் சொன்னார்? அந்தப் பொய்யை நம்பி யார் எதைக் கொடுத்தார்? இந்த இரண்டுக்கும் பதிலை ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரியில் எழுத முடிந்தால் வழக்கு உங்கள் கையில் இருக்கிறது. எழுத முடியவில்லை என்றால் ஆயிரம் பக்கக் கட்டு இருந்தும் பயன் இல்லை.

இங்கே வருகிற வழக்குகள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும்: போலி டாக்டர், போலி மருந்து, வெளியூர் நோயாளியை ஏமாற்றிய புரோக்கர், காப்பீட்டுப் பணத்தை ஏய்த்த மருத்துவமனை. ஒவ்வொன்றிலும் சட்டம் ஓர் இடத்தில் காலை வாரிவிடும்.

போலி டாக்டர் வழக்கு எளிது என்று நினைப்பீர்கள். மருத்துவப் பணிகள் இணை இயக்குநரின் குழு போலீசோடு போய் ஸ்டெதஸ்கோப், சிரிஞ்சு, மாத்திரை டப்பா எல்லாம் கைப்பற்றி மகஜர் (கைப்பற்றியதன் பட்டியல்) போட்டிருக்கும். பதிவு இல்லாமல் வைத்தியம் செய்வது 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆவது பிரிவில் குற்றம். ஒரு வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்தச் சட்டப்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்துமூலம் கொடுக்கும் புகாரின்மேல்தான் நீதிமன்றம் வழக்கைக் கோப்புக்கு எடுக்க முடியும். வெறும் போலீஸ் குற்றப்பத்திரிகை அந்தப் பிரிவுக்குப் போதாது. அதோடு, அதிகபட்ச தண்டனையே ஒரு வருடம் என்பதால் அந்தப் பிரிவை மட்டும் வைத்து வரும் வழக்குக்குக் காலவரம்பும் ஒரு வருடம்தான். ரெய்டு நடந்து பதினான்கு மாதம் கழித்துக் கட்டு உங்களிடம் வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே அதைத்தான் பிடிப்பார். ஏமாற்றுதல் பிரிவும் சேர்ந்திருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஏமாற்றுதலை நிரூபிக்க, அவரை டாக்டர் என்று நம்பிக் காசு கொடுத்த ஒரு நோயாளி கூண்டேற வேண்டும். ரெய்டு போன குழு சிரிஞ்சை எண்ணி எழுதியிருக்கும். வாசலில் டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாட்டியின் பெயரை எழுதியிருக்காது. அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

இன்னொன்று. சித்தா, ஓமியோபதி படித்தவர் ஊசி போட்டார் என்ற வழக்கும் வரும். ஒரு மருத்துவ முறையைப் படித்துவிட்டு, தனக்குத் தெரியாத வேறு முறையில் வைத்தியம் பார்ப்பவரும் போலிதான் என்று 1996இல் பூனம் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நம் மாநிலத்தில் இந்திய மருத்துவம் படித்தவர்கள் தொடர்பாக அரசாணைகளும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் இருக்கின்றன. அவர் என்ன பட்டம் வாங்கினார், எந்தக் கவுன்சிலில் பதிந்திருக்கிறார் என்பதற்குச் சான்று கையில் வரும் முன்னே "போலி மருத்துவர்" என்ற சொல்லை எந்த மனுவிலும் எழுதாதீர்கள்.

போலி மருந்து வழக்கில் ஒன்றை நினைவில் வையுங்கள். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டத்தின் நான்காம் அத்தியாயக் குற்றத்துக்கு (மருந்து தயாரிப்பு, விற்பனை தொடர்பானவை) போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டுக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய முடியாது. அசோக் குமார் சர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மருந்து ஆய்வாளர் புகார் போட வேண்டும். அவர் மாதிரி எடுத்த விதத்தையும் பாருங்கள். கடையில் எடுத்தால் நான்கு பங்கு பிரித்து முத்திரையிட வேண்டும், ஒரு பங்கு கடைக்காரர் கையிலேயே போக வேண்டும். பகுப்பாய்வாளர் அறிக்கையின் நகல் கிடைத்து 28 நாளுக்குள் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், மறுப்புத் தெரிவிக்கவில்லை என்றால் அந்த அறிக்கை முடிவான சான்று. அந்த நகல் எதிரிக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று காட்டும் ஒப்புகை அட்டை கட்டில் இருக்கிறதா? அந்தச் சின்ன அட்டை இல்லாமல் பெரிய வழக்கு சரிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

புரோக்கர் வழக்கைச் சாட்சிகளைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். அதில் சட்டம் சுலபம், சாட்சிதான் கஷ்டம்.

காப்பீட்டு மோசடி: படுக்கையைத் தேடுங்கள்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2009இல் தொடங்கிய திட்டத்திலிருந்து 2012இல் புது வடிவம் பெற்றது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. நோயாளி அட்டையைக் கொடுக்கிறார். மருத்துவமனை ஆன்லைனில் முன் அனுமதி கேட்கிறது. சிகிச்சை முடிந்ததும் படம், ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஏற்றுகிறது. பணம் நேராக மருத்துவமனைக் கணக்குக்குப் போகிறது. நோயாளியின் கண்ணில் அந்தப் பணம் படுவதே இல்லை. தன் பெயரில் மோசடி நடந்தது அவருக்கே பல நேரம் தெரியாமல் போவது அதனால்தான்.

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த பீடி சுற்றும் அம்மா ஒருவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னா சார், கேம்ப்புன்னு சொல்லி வேன்ல இட்டுக்கினு போனாங்க. கார்டக் குடுன்னாங்க, குடுத்தேன். கட்டில்ல படுக்க வெச்சி போட்டோ எடுத்தாங்க. மாத்திரை குடுத்து சாயங்காலமே வூட்டுக்கு அனுப்பிட்டாங்க." காகிதத்தில் அவர் நான்கு நாள் உள்நோயாளி.

அப்போதுதான் இந்த வேலையின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது. பொய்க் காகிதத்தைத் தயார் செய்கிறவர் அலுவலக மேசையில் உட்கார்ந்து செய்கிறார். காப்பீட்டுக்குத் தேவையான காகிதம் ஒன்றுகூடக் குறையாது. ஆனால் வார்டு வேறு உலகம். ஒரு மனிதர் நான்கு நாள் ஒரு படுக்கையில் படுத்திருந்தால் அதன் தடம் பத்து இடத்தில் விழும். இரவு டூட்டி நர்ஸ் சூடு பார்த்து எழுதிய தாள், வார்டிலிருந்து மருந்து கேட்டு அனுப்பிய சீட்டு, லேப் ரிஜிஸ்டரில் வரிசை எண், எக்ஸ்ரே எண், ஆபரேஷன் தியேட்டர் ரிஜிஸ்டர், மயக்க மருந்து டாக்டர் நிமிடக் கணக்கில் எழுதும் பதிவு. இவற்றை யாரும் காப்பீட்டுக்கு அனுப்புவதில்லை. அதனால் பொய் எழுதுகிறவருக்கு இவை நினைவுக்கே வருவதில்லை.

ஆகவே உங்கள் கேள்வி ஒன்றுதான். அந்தத் தேதியில் அந்தப் படுக்கையில் யார் படுத்திருந்தார்? புலன் விசாரணை அதிகாரி வரைவுக் குற்றப்பத்திரிகையோடு கருத்துக் கேட்டு வரும்போது, கோரிக்கைக் காகிதங்களை மட்டும் கைப்பற்றியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்: "வார்டு ரிஜிஸ்டர் எங்கே சார்?" அதே தேதியில், அதே படுக்கை எண்ணில் வேறொருவர் பெயர் இருக்கலாம். இருபது படுக்கை உள்ள இடத்தில் அன்றைக்கு முப்பத்தைந்து பேர் உள்நோயாளி என்று காகிதம் சொல்லலாம். அறுவைச் சிகிச்சை செய்ததாக எழுதப்பட்ட டாக்டர் அதே மணியில் வேறு ஊர் ஆஸ்பத்திரித் தியேட்டர் ரிஜிஸ்டரில் இருக்கலாம். ஸ்டென்ட் வைத்ததாகச் சொன்னால் அதன் பெட்டியில் இருந்த ஸ்டிக்கரும் தொகுதி எண்ணும் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்க வேண்டும். அந்த எண்ணை வைத்து விநியோகஸ்தரின் பில்லைக் கேட்டால், அது யாருக்கு விற்கப்பட்டது என்று தெரிந்துவிடும்.

நீங்கள் போலீஸ் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். விசாரணையை நீங்கள் நடத்த முடியாது. போய் ரிஜிஸ்டரைப் புரட்டக் கூடாது. கருத்து எழுதிக் கொடுக்கலாம். குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு ஓட்டை தெரிந்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 193(9)இன்கீழ் மேல் விசாரணை நடக்கலாம். வழக்கு விசாரணை தொடங்கிவிட்டால் அதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும், 90 நாளில் முடிக்கவும் வேண்டும். முதலிலேயே கேட்டுவிடுவது எல்லோருக்கும் நல்லது.

அரசு டாக்டரும் எதிரியாக இருந்தால், பி.என்.எஸ்.எஸ். 218இன்கீழ் முன் அனுமதி தேவைப்படுமா என்று அன்றே பாருங்கள். அரசு 120 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்பது புதிய சட்டத்தில் வந்த நல்ல மாற்றம். ஊழல் தடுப்புச் சட்டம் சேர்ந்தால் வழக்கு உங்கள் நீதிமன்றத்தில் இருக்காது.

தேதியை வைத்துச் சட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

2024 ஜூலை 1 என்ற தேதியை மேசையில் எழுதி ஒட்டுங்கள். அதற்கு முன் நடந்த ஏமாற்றுதலுக்கு இந்திய தண்டனைச் சட்டம் 420. அன்றும் அதற்குப் பிறகும் நடந்ததற்கு அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 318(4). இரண்டிலும் ஏழு வருடம் வரை சிறை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு பழைய 419இல் மூன்று வருடம், புதிய 319(2)இல் ஐந்து வருடம். ஏமாற்றுவதற்காகப் பொய் ஆவணம் புனைவது 468ஆக இருந்தது, இப்போது 336(3). காப்பீட்டுக் கோரிக்கைகள் மாதக் கணக்கில் போயிருக்கும் என்பதால் ஒரே வழக்கில் இரண்டு சட்டமும் வரும். ஒரு பட்டியல் போடுங்கள்: கோரிக்கை எண், தேதி, நோயாளி, தொகை, எந்தச் சட்டம். இந்த ஒரு பக்கம் வழக்கு முடியும்வரை உங்களைக் காப்பாற்றும்.

பட்டியலில் அறுபது கோரிக்கை இருந்தால் எல்லாவற்றையும் மொத்தமாகக் கூட்டி "இத்தனை லட்சம் ஏமாற்றினார்" என்று ஒரே குற்றச்சாட்டு வனைய முடியாது. அப்படி மொத்தத் தொகை சொல்லும் சலுகை, பி.என்.எஸ்.எஸ். 235இன்படி, நம்பிக்கை மோசடிக்கும் கையாடலுக்கும்தான். ஏமாற்றுதலுக்கு இல்லை. ஒரே வகைக் குற்றம் என்றால் பன்னிரண்டு மாதத்துக்குள் நடந்த ஐந்தைச் சேர்த்து விசாரிக்க 242 இடம் கொடுக்கிறது. பழைய சட்டத்தில் அது மூன்றாக இருந்தது. ஒரே நடவடிக்கையின் தொடர்ச்சி, கூட்டுச் சதி என்று காட்ட முடிந்தால் 243 வழியாக எல்லாவற்றையும் சேர்க்கலாம். ஆனால் சதியைச் சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். என் அபிப்பிராயம் இதுதான்: அறுபதையும் இழுத்துக்கொண்டு அலைவதைவிட, வார்டு ரிஜிஸ்டரும் நோயாளியும் இரண்டுமே உறுதியாக நிற்கும் கோரிக்கைகளை முன்னால் வையுங்கள். கல் மாதிரி நிற்கும் ஐந்தைப் பார்த்த நீதிபதிக்கு மற்றவை என்ன என்று விளங்கும்.

கம்ப்யூட்டர் காகிதம்

காப்பீட்டு வழக்கில் முக்கால்வாசிச் சான்று கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்ததுதான். புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியத்தின் 63(4)இன் சான்றிதழ் இல்லாமல் அதை ஆவணமாகக் குறியிட முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு பற்றி 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் வழிகாட்டி. புதிய சட்டத்தின் சான்றிதழில் இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதியில் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும், இரண்டாம் பகுதியில் நிபுணர். ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடும், எழுத வேண்டும். கட்டு வந்த அன்றே இந்தச் சான்றிதழ்களை எண்ணிப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பதிவுக்கு ஒன்று, மருத்துவமனைப் பதிவுக்கு ஒன்று, சிசிடிவி இருந்தால் அதற்கு ஒன்று. வங்கிக் கணக்குக்கு வங்கியர் புத்தகச் சான்றுச் சட்டப்படி சான்றொப்பம் தனி.

காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய ஆய்வாளரின் அறிக்கை அழகாக, படங்களோடு இருக்கும். அதை அப்படியே நம்பி உட்காராதீர்கள். அவர் கண்ணால் பார்த்தது மட்டும்தான் சாட்சியம். நோயாளி அவரிடம் சொன்னதை நோயாளிதான் வந்து சொல்ல வேண்டும்.

சாட்சிகள்

இந்த வழக்குகள் சாகிற இடமும் பிழைக்கிற இடமும் இதுதான்.

நோயாளியை முதலில் எடுத்துக்கொள்வோம். அட்டையைக் கொடுத்தது தான்தானே, நம்மையும் உள்ளே தள்ளிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கும். அவர் ஏமாந்தவர், குற்றவாளி இல்லை என்பதை முதல் நாளே புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லுங்கள். சாட்சி சொல்லிக் கொடுப்பது வேறு, பயத்தைப் போக்குவது வேறு. முதலாவதை ஒருபோதும் செய்யாதீர்கள், இரண்டாவதைத் தவறாமல் செய்யுங்கள். ஆம்பூரில் தோல் கம்பெனிக்குப் போகிறவருக்கும் குடியாத்தத்தில் தீப்பெட்டி வேலைக்குப் போகிறவருக்கும் கோர்ட்டுக்கு வரும் நாள் கூலி இல்லாத நாள். சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துக்குக் காலை ஒன்பதரைக்கே வந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். நாலரை மணிக்கு "அடுத்த வாய்தா" என்று அனுப்பினால் மறுமுறை வர மாட்டார். வந்தாலும் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சியாகத்தான் வருவார். அவருடைய வழக்கை முதலில் கூப்பிடச் சொல்லி பெஞ்ச் கிளார்க்கிடம் காலையிலேயே சொல்லுங்கள். பேட்டா கேட்டு வாங்கிக் கொடுங்கள். கோர்ட் டூட்டி போலீஸ்காரர் இதில் உங்களுக்கு வலது கை, அவரிடம் மரியாதையாக இருங்கள்.

வெளியூர் நோயாளிதான் புரோக்கர் வழக்கின் உயிர். அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் வாங்கித் தருகிறேன், பெரிய டாக்டரிடம் நேரே கூட்டிப் போகிறேன் என்று காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் வைத்துப் பணம் பறித்த கதை. புகார் கொடுத்த பத்தாம் நாள் அவர் ஊருக்கு ரயில் ஏறிவிடுவார், அப்புறம் சம்மன் "இந்த முகவரியில் இல்லை" என்று திரும்பி வரும். அதனால் அவர் ஊரில் இருக்கும்போதே பி.என்.எஸ்.எஸ். 183இன்கீழ் நடுவர் முன் வாக்குமூலம் வாங்கச் சொல்லுங்கள். அது மட்டும் வைத்துத் தண்டனை வாங்க முடியாது, ஆனால் நாளைக்கு அவர் சொல்வதற்குத் துணை நிற்கும். விசாரணையின்போது காணொலி வழியாகச் சாட்சியம் பதிய மனுப் போடுங்கள், 530ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது.

இதில் நான் பலமுறை பார்த்த கோளாறு ஒன்று உண்டு. வங்காளி மட்டும் தெரிந்தவரின் வாக்குமூலம் கட்டில் சுத்தத் தமிழில் இருக்கும். யார் மொழிபெயர்த்தது என்று கேட்டால் லாட்ஜ் பையன் என்பார்கள். அவன் பெயர் சாட்சிப் பட்டியலிலேயே இருக்காது. குறுக்கு விசாரணையில் "இது நீங்கள் சொன்னதா?" என்ற ஒரு கேள்விக்கு எல்லாம் போய்விடும். மொழிபெயர்த்தவர் யாராக இருந்தாலும் அவரும் சாட்சி.

அடுத்தது டாக்டர் சாட்சி. அரசு டாக்டர்கள் இடம் மாறிப் போய்விடுவார்கள். மூன்று வருடம் கழித்து இணை இயக்குநரைத் தேடினால் அவர் தென்மாவட்டத்தில் இருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். வாய்தாவுக்கு ஒரு மாதம் முன்பே இன்றைய முகவரியைக் கேட்டுக் கடிதம் போடுங்கள். விசாரணைக்கு முதல் நாள் அவரோடு உட்கார்ந்து கேஸ் ஷீட்டை வரி வரியாகப் படியுங்கள். ஒரு சுருக்கெழுத்துகூட உங்களுக்குப் புரியாமல் இருக்கக் கூடாது. உங்களுக்குப் புரியாததை நீதிபதிக்குப் புரியவைக்க உங்களால் முடியாது. கூண்டில் அவர் பேசும்போது "சாதாரணமாகச் சொன்னால் என்ன டாக்டர்?" என்று கேட்டுத் தமிழில் பதிவாக வையுங்கள்.

நர்ஸ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனியார் நர்சிங் ஹோமில் வேலை பார்க்கும் சின்ன வயசுப் பெண் முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்வது லேசான காரியம் இல்லை. அவர் கையெழுத்துள்ள வார்டு தாளைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா, அன்றைக்கு இந்தப் படுக்கையில் யார் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அதற்கு மேல் அவரை இழுக்காதீர்கள். எழுதியதை மறந்திருந்தால் தாளைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ள சாக்ஷிய அதினியத்தின் 162ஆவது பிரிவு இருக்கிறது. பிறழ்ந்துவிட்டால் அதே சட்டத்தின் 157இன்கீழ் அனுமதி வாங்கி நீங்களே குறுக்கு விசாரணை செய்யலாம். ஆனால் கையெழுத்தை ஒப்புக்கொண்ட சாட்சியைப் பிறழ் என்று அறிவிக்க அவசரப்படாதீர்கள். கிடைத்த சாட்சியமும் கைவிட்டுப் போகும்.

நோயாளிகளின் அந்தரங்கத்தையும் காக்க வேண்டியது நீங்கள்தான். கேஸ் ஷீட்டுகளில் எச்.ஐ.வி. நிலை, மனநோய், கருக்கலைப்பு எல்லாம் இருக்கும். எச்.ஐ.வி. பற்றி 2017ஆம் ஆண்டின் சட்டம் தனியாகவே பாதுகாப்புத் தருகிறது. வழக்குக்கு வேண்டாத பக்கங்களைத் திறந்த கோர்ட்டில் படிக்காதீர்கள், மூடி முத்திரையிட்ட உறையில் வைக்க அனுமதி கேளுங்கள். மோசடியில் ஒருமுறை பயன்பட்ட பெயர், நம் வழக்கில் இன்னொருமுறை அவமானப்படக் கூடாது.

தவறா, மோசடியா

எல்லா மருத்துவமனைப் பிழையும் மோசடி இல்லை. தப்பான குறியீடு, இரண்டு முறை ஏறிய பில், அவசரத்தில் மாறிய தேதி எல்லாம் நேர்மையான இடத்திலும் நடக்கும். சிகிச்சை சரியில்லை என்ற கோபத்தில் வரும் புகார் வேறு. அதற்கு 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இருக்கிறது, வேறொரு டாக்டரின் நடுநிலையான கருத்து வேண்டும். ஏமாற்றுதலுக்கோ ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது தெரிய வேண்டும். ஒரே மாதிரிப் "பிழை" திரும்பத் திரும்ப, எப்போதும் மருத்துவமனைக்கு லாபமாகவே நடந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், வழக்கு நிற்காது என்று கருத்து எழுதத் தயங்காதீர்கள். ஒரு நேர்மையான டாக்டரைக் கூண்டில் ஏற்றிவிட்டு அஞ்சு வருடம் கழித்து விடுதலை என்பதில் யாருக்கும் நீதி இல்லை.

சமாதானம் பேச வந்தால்

வரும். பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டோம், முடித்துவிடலாம் என்பார்கள். ஏமாற்றுதல் பிரிவை, ஏமாந்தவர் சம்மதித்தால், நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்யலாம். ஆவணப் புனைவை அப்படிச் செய்ய முடியாது. பொய் டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும் வழக்கில் இந்த வேறுபாடு முக்கியம். ஏமாந்தவர் யார் என்பதையும் யோசியுங்கள். பணத்தை இழந்தது காப்பீட்டு நிறுவனமும் அரசும். நோயாளியிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வந்து நீட்டினால் அது அவர் கொடுக்கக்கூடிய சம்மதமே இல்லை. உங்களிடம் யார் வந்து பேசினாலும் கோர்ட் ஹாலிலோ அலுவலகத்திலோ, மற்றவர் இருக்கும்போது பேசுங்கள். டீக்கடை வேண்டாம்.

தீர்ப்புக்குப் பிறகு

தண்டனை கிடைத்தாலும் விடுதலை ஆனாலும் உங்கள் வேலை அன்றோடு முடியாது. விடுதலை என்றால் சான்றொப்பமிட்ட நகலுக்கு அன்றே மனுப் போடுங்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, பிணையில் விட முடியாத குற்றத்தில் நடுவர் விடுதலை செய்தால், பி.என்.எஸ்.எஸ். 419இன்படி மாவட்ட நடுவரின், அதாவது கலெக்டரின், ஆணையின்பேரில் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு உங்கள் கருத்துதான் அடிப்படை. எந்தச் சாட்சியை நீதிபதி ஏன் நம்பவில்லை, அது சரியா என்று பக்க எண்ணோடு எழுதி, நம் துறையின் (குற்ற வழக்குத் தொடர்வுத் துறை) துணை இயக்குநருக்கு அனுப்புங்கள். நம் தரப்பில் குறை இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

அப்புறம் சொத்து. கட்டோடு சேர்த்துக் கைப்பற்றிய காப்பீட்டு அட்டை, பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எல்லாம் கோர்ட் பீரோவில் கிடக்கும். அவை எதிரியுடையவை இல்லை, சிகிச்சை இன்னும் முடியாத ஒருவருடையவை. தீர்ப்புவரை காத்திருக்காமல், நகலும் புகைப்படமும் எடுத்து வைத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுக்க பி.என்.எஸ்.எஸ். 497இன்கீழ் மனுப் போடச் சொல்லுங்கள், நீங்கள் ஆட்சேபனை இல்லை என்று எழுதுங்கள். அந்த பீடி சுற்றும் அம்மாவின் அட்டை கோர்ட்டிலேயே எட்டு மாதம் இருந்தது. அதைக் கேட்டு அவர் நான்கு தடவை பஸ் ஏறி வந்தார்.